ஹைவேயில் ஓகே, சிக்னலில் உதறல்: கார் குறைந்த வேகத்தில் திணறுவது ஏன்? எப்படிக் கண்டுபிடிப்பது?

நெடுஞ்சாலையில் 80, 90-ல் போகும்போது கார் அலுங்காமல் குலுங்காமல் போகிறது. அதே கார் பெங்களூரு சில்க் போர்டு ஜங்ஷனிலோ, புனே ஹிஞ்சேவாடி ரோட்டிலோ ஊர்ந்து போகும்போது திக்கித் திணறுகிறது. சிக்னலில் நிறுத்தினால் ஸ்டீயரிங் உதறுகிறது. ஆர்பிஎம் முள் மேலும் கீழும் ஆடுகிறது. சில நேரம் கிளட்சை விடும் முன்பே இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார்.

மெக்கானிக் பாஷையில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். சர்வீஸ் சென்டரில் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "த்ராட்டில் கிளீன் பண்ணணும் சார், இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும், பிளக் மாத்திடலாம்." மூன்றையும் செய்து பில் கட்டி, வண்டியை வெளியே எடுத்த இரண்டாவது நாளே அதே உதறல் திரும்ப வருவதும் உண்டு. காரணம், பல இடங்களில் நடப்பது கண்டுபிடிப்பு இல்லை, ஊகம். ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்ப்பது. அந்த ஊகத்துக்கான செலவு நம் பாக்கெட்டிலிருந்து போகிறது.

பணம் மட்டும் பிரச்னை இல்லை. ஃப்ளைஓவர் ஏற்றத்திலோ, யூ-டர்ன் நடுவிலோ இன்ஜின் நின்றுபோனால் அது விபத்தில் முடியலாம். பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் பல பெட்ரோல் கார்களில் இன்ஜின் உருவாக்கும் வேக்கத்தை நம்பி இருக்கிறது. இன்ஜின் நின்ற பிறகு ஒன்றிரண்டு மிதிக்கு மேல் பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் கனமாகலாம்.

நல்ல செய்தி: இந்தப் பிரச்னையை ஒழுங்காக அணுகினால், காரணத்தைப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாய்ப்புகளாகச் சுருக்கிவிடலாம். அதற்கு நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. எதைக் கவனிக்க வேண்டும், எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

குறைந்த வேகத்தில் மட்டும் ஏன்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் சுமார் 750 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியும். ஆக, ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 375 முறை. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை. 3,000 ஆர்பிஎம்மில் இதுவே நொடிக்கு 100 முறை.

ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்றால், ஐடிலிங்கில் நொடிக்கு ஆறு முறை ஒரு 'பள்ளம்' விழுகிறது. அந்த ஆட்டத்தை உங்கள் கை, சீட், கியர் லிவர் எல்லாம் உணரும். 3,000 ஆர்பிஎம்மில் அதே பள்ளங்கள் மிக வேகமாக, நெருக்கமாக வரும். ஃப்ளைவீலின் சுழற்சி வேகமும் அதை மறைத்துவிடும். கோளாறு அங்கேயும் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

இன்று விற்பனையாகும் சின்ன கார்களில் நிறைய மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். அதில் ஒரு சிலிண்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போச்சு. அதனால் உதறல் இன்னும் அதிகம்.

இரண்டாவது காரணம் காற்று. ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் மிகக் குறைந்த காற்றைத்தான் உள்ளே இழுக்கும். உதாரணத்துக்கு, நொடிக்கு 2 கிராம் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து, 0.4 கிராம் காற்று கணக்கில் வராமல் உள்ளே புகுந்தால் அது 20% கூடுதல். அதே ஓட்டை, நொடிக்கு 15 கிராம் காற்று போகும் வேகத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

முதல் கேள்வி: உண்மையிலேயே இன்ஜின் பிரச்னையா?

'ஸ்லோவா போனா வண்டி குதிக்குது' என்று சொல்லும் எல்லோருக்கும் இன்ஜின் கோளாறு இருப்பதில்லை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து இரண்டு நிமிடம் கவனியுங்கள். இதை மூடிய கராஜிலோ, காற்றோட்டம் இல்லாத பேஸ்மென்ட்டிலோ செய்யாதீர்கள். கார் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, உயிரை எடுக்கும்.

• நியூட்ரலிலேயே உதறுகிறது, ஆர்பிஎம் முள்ளும் ஆடுகிறது: இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

• உதறுகிறது, ஆனால் ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்கிறது, சத்தமும் சீராக இருக்கிறது: இன்ஜின் மவுண்ட் மேல் சந்தேகப்படலாம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் வெடித்தாலோ அமுங்கினாலோ அதிர்வு நேரே பாடிக்கு வரும். மூன்று சிலிண்டர் கார்களில் ஓரளவு அதிர்வு இயல்பு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

• நியூட்ரலில் ஒன்றுமில்லை, கிளட்சை விடும் அந்த ஒரு நொடியில் மட்டும் தடதடக்கிறது: கிளட்ச் ஜட்டர். பிளேட் தேய்மானம், எண்ணெய்க் கசிவு, எப்போதும் ஹாஃப் கிளட்சில் ஓட்டும் பழக்கம் ஆகியவை இதற்குக் காரணம். ஏஎம்டி, டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் கார்களிலும் உள்ளே கிளட்ச் உண்டு. ஊர்ந்து செல்லும் டிராஃபிக்கில் அவையும் இதே மாதிரி உதறும். இதற்கு ஸ்பார்க் பிளக் மாற்றினால் பணம்தான் வீண்.

• 25 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் போகும்போது மட்டும் திணறுகிறது: கோளாறு காரில் இல்லை. ஒரு கியர் இறக்குங்கள். 1,000 ஆர்பிஎம் சுற்றி இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எந்த இன்ஜினும் முரண்டு பிடிக்கும்.

இரண்டாவது கேள்வி: எப்போது நடக்கிறது?

மெக்கானிக்குக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இந்தத் தகவல். 'எப்பவும் மிஸ்ஸிங்' என்பதற்குப் பதிலாக, ஒரு வாரம் மொபைலில் குறித்து வையுங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும், சூடானதும் சரியாகிறது என்றால்: கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், த்ராட்டிலில் படிந்த கார்பன், தேய்ந்த பிளக், குளிரில் சுருங்கி வழிவிடும் கேஸ்கட் ஆகியவை பட்டியலில் வரும்.

குளிரில் நன்றாக ஓடி, சூடான பிறகு மட்டும் திணறினால்: இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார். இரண்டும் சூட்டில் மட்டும் கோளாறு காட்டி, ஆறியதும் நல்ல பிள்ளையாக ஆகிவிடக்கூடியவை. 'மெக்கானிக் கிட்ட போனா மட்டும் சரியா ஓடுது' என்பதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

பெட்ரோல் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் என்றால்: டேங்க்கில் உருவாகும் பெட்ரோல் ஆவியைச் சேமித்து இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். பலரும் பங்க்கையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்குப் பிறகு அல்லது வாட்டர் வாஷுக்குப் பிறகு என்றால்: பிளக் குழிக்குள் தண்ணீர், காயில் கனெக்டரில் ஈரம்.

ஏசி போட்டால் மட்டும் என்றால்: கம்ப்ரசர் இன்ஜின் மேல் கூடுதல் சுமை ஏற்றுகிறது. அதை ஈடுகட்ட ஈசியூ ஐடிலிங்கைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். த்ராட்டில் அழுக்காக இருந்தால் அது முடியாமல் போகும்.

பேட்டரி மாற்றிய அல்லது கழற்றி மாட்டிய பிறகு என்றால்: ஈசியூ கற்றுவைத்திருந்த ஐடில் அளவுகள் அழிந்திருக்கும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினாலே தானாகத் திரும்பக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்து ரீலேர்ன் செய்ய வேண்டும்.

பல நாள் பார்க்கிங்கில் நின்ற பிறகு என்றால்: பானட்டைத் திறந்து பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் எலி ஒயரைக் கடிப்பது நம் ஊரில் அபூர்வமான விஷயம் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே கூடு கட்டியிருக்கும்.

மூன்றாவது கேள்வி: செக் இன்ஜின் லைட் என்ன சொல்கிறது?

மஞ்சள் நிறத்தில் இன்ஜின் வடிவ விளக்கு நிலையாக எரிந்தால், ஈசியூ ஏதோ ஒரு கோளாறைப் பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். நிதானமாக ஓட்டி, சீக்கிரம் காட்டலாம்.

அதே விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய், அங்கே எரிந்து, அதை உருக்கத் தொடங்கியிருக்கலாம். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது, பல ஆயிரம் ரூபாய் கன்வர்ட்டரில் போய் நிற்கும். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்தி, டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் லாபம்.

விளக்கு எரியவில்லை என்றால் பிரச்னை இல்லை என்று ஆகாது. கோளாறு ஒரு எல்லையைத் தாண்டிய பிறகுதான் ஈசியூ விளக்கைப் போடும். அதற்குக் கீழே நடப்பதையும் நாம் பார்க்க முடியும். அதற்குத்தான் ஓபிடி.

டேட்டாவைப் படிப்பது எப்படி?

கடந்த பத்தாண்டுகளில் வந்த கார் என்றால், பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டு அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் ப்ளூடூத் டாங்கிள் ஆன்லைனில் ஓரளவு மலிவாகவே கிடைக்கிறது. மொபைல் ஆப்பில் இன்ஜினின் நேரடி எண்களைப் பார்க்கலாம்.

முதலில் எரர் கோடு. இந்த விஷயத்தில் அடிக்கடி வருபவை:

• பி0300: பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங்
• பி0301, 0302, 0303, 0304: முறையே 1, 2, 3, 4-வது சிலிண்டரில் மிஸ்ஸிங்
• பி0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு
• பி0172: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு
• பி0506: ஐடிலிங் இருக்க வேண்டியதைவிடக் குறைவு
• பி0507: ஐடிலிங் இருக்க வேண்டியதைவிட அதிகம்

ஒரு எச்சரிக்கை. கோடு என்பது அறிகுறி, தீர்ப்பு கிடையாது. பி0171 வந்தால் 'ஆக்ஸிஜன் சென்சார் மாத்தணும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். காற்று எங்கோ கசிகிறது என்று அது காட்டிக்கொடுத்ததற்கு அதையே கழற்றிப் போடுவது நியாயமா?

இன்னொன்று: கோடை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோளாறு பதிவான நேரத்தில் வேகம், சூடு, ஆர்பிஎம் என்ன என்பதையும் ஈசியூ சேமித்து வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பெயர். அழித்துவிட்டால் அந்தச் சாட்சியமும் போய்விடும்.

அடுத்தது, அதிகம் பேர் பார்க்காத, ஆனால் அதிகம் சொல்லும் எண்: ஃப்யூல் ட்ரிம். ஈசியூ தன் கணக்குப்படி பெட்ரோல் தெளிக்கும். ஆக்ஸிஜன் சென்சார் 'பத்தலை' என்றால் கொஞ்சம் கூட்டும், 'ஜாஸ்தி' என்றால் குறைக்கும். எவ்வளவு கூட்டினோம், குறைத்தோம் என்பதுதான் ட்ரிம். ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் என இரண்டு இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் பிளஸ் 5, மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் ஒரு முறை, நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி புகார் உள்ள நான்கு கார்களின் எண்கள் இப்படி இருக்கலாம். இவை புரிவதற்கான உதாரண எண்கள்.

முதல் கார்: ஐடிலிங்கில் பிளஸ் 18, 2,500-ல் பிளஸ் 4. மேலே போட்ட காற்றுக் கணக்கு நினைவிருக்கிறதா? குறைந்த வேகத்தில் பெரிதாகத் தெரிந்து, வேகம் கூடினால் மறையும் கோளாறு வேக்கம் லீக். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், இன்டேக் கேஸ்கட் என்று தேடலாம்.

இரண்டாவது கார்: ஐடிலிங்கில் பிளஸ் 3, 2,500-ல் பிளஸ் 16. தலைகீழ். தேவை கூடும்போது பெட்ரோல் பத்தவில்லை. ஃப்யூல் பம்ப், அடைத்த ஃபில்டர், அடைத்த இன்ஜெக்டர், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார் என்று போக வேண்டும்.

மூன்றாவது கார்: இரண்டிலும் மைனஸ் 15. பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சொட்டும் இன்ஜெக்டர், சிக்கிய பர்ஜ் வால்வு ஆகியவை சந்தேகப் பட்டியலில் வரும்.

நான்காவது கார்: ட்ரிம் எல்லாம் இயல்பு, ஆனால் பி0302 வருகிறது. காற்றும் பெட்ரோலும் சரி, இரண்டாவது சிலிண்டரில் தீப்பொறிதான் சந்தேகம்.

ஒரு விதிவிலக்கு. எல்லா கார்களும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. பல சின்ன கார்களில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் இருக்கும். அவற்றில் வேக்கம் லீக் வந்தால் ட்ரிம் பெரிதாக மாறாது. அதற்குப் பதிலாக ஐடிலிங் உயர்ந்துவிடும், பி0507 வரலாம். ட்ரிம் நார்மல், ஆனால் வண்டி சிக்னலில் 1,200-ல் நிற்கிறது என்றால் லீக்கை மறந்துவிடாதீர்கள்.

கையில் கருவி இல்லையென்றாலும் ஒரு டேட்டா உங்களிடம் இருக்கலாம்: பியூசி சான்றிதழ். அதில் ஹைட்ரோகார்பன் அளவு முந்தைய முறையைவிட எகிறியிருந்தால் எரியாத பெட்ரோல் வெளியே போகிறது, மிஸ்ஸிங் இருக்கலாம். கார்பன் மோனாக்ஸைடு அதிகம் என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. அனுமதிக்கப்பட்ட எல்லையும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மலிவிலிருந்து விலை அதிகமானதுக்கு: சோதிக்கும் வரிசை

1. ஏர் ஃபில்டரும் ஹோஸ்களும்: பானட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பதற்குச் செலவே இல்லை. ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் குழாயை மடித்துப் பாருங்கள், வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது 'உஸ்ஸ்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். லீக் கண்டுபிடிக்க எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான இன்ஜின் மேல் அடிக்கும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துச் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். இன்டேக் உள்ளே புகையைச் செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வரும்.

2. த்ராட்டில் பாடி: இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து தட்டின் ஓரத்தில் கருப்பாகப் படியும். ஐடிலிங்கில் காற்று போகும் அந்த மெல்லிய இடைவெளி அடைபடும். சுத்தம் செய்தால் பலன் கிடைக்கும். ஆனால் எலக்ட்ரானிக் த்ராட்டில் தட்டை இக்னிஷன் ஆன் செய்த நிலையில் கையால் தள்ளக் கூடாது. சுத்தம் செய்த பிறகு ஐடில் ரீலேர்ன் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் பிரச்னை கூடியது போலத் தோன்றும்.

3. ஸ்பார்க் பிளக்: சாதாரண நிக்கல் பிளக்குக்கும் இரிடியம் பிளக்குக்கும் ஆயுள் வேறு. முதலாவது சில பத்தாயிரம் கிலோமீட்டர், இரண்டாவது அதைவிடப் பல மடங்கு. உங்கள் கார் மேனுவலில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். கழற்றிய பிளக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் ஆரோக்கியம். கரி மாதிரி கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் அதிகச் சூடு.

4. இக்னிஷன் காயில்: ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் இருக்கும் கார் என்றால், புதிதாக எதுவும் வாங்காமலே சோதிக்கலாம். பி0302 வந்திருந்தால், இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, 2-வது சிலிண்டர் காயிலையும் 3-வது காயிலையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில் குற்றவாளி. பி0302-வே திரும்ப வந்தால் காயில் நிரபராதி, அடுத்து பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன். பத்து நிமிட வேலை. இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் ஒயரையோ பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை மட்டும் வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட் அடிக்கும்.

5. பெட்ரோலும் இன்ஜெக்டரும்: ஃப்யூல் பிரஷர் கேஜ் வைத்து அளந்த பிறகே பம்ப் மாற்றச் சம்மதியுங்கள். பம்ப் விலை அதிகம்.

6. கம்ப்ரஷன்: காற்று, தீப்பொறி, பெட்ரோல் மூன்றும் சரி, ஆனாலும் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் அந்தச் சிலிண்டரால் அழுத்தத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. வால்வு, பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கட் என்று பெரிய வேலை. சிலிண்டர்களுக்கு இடையே அளவு ரொம்ப வித்தியாசப்படக் கூடாது. இந்த டெஸ்ட் செய்யாமல் 'இன்ஜின் பிரிக்கணும்' என்று யாராவது சொன்னால், வேறு இடத்தில் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

சிஎன்ஜி, டர்போ, டீசல் கார்களுக்கு

சிஎன்ஜி காரில் ஒரு வசதி இருக்கிறது: ஒரே இன்ஜின், இரண்டு எரிபொருள். சுவிட்சைத் தட்டினால் பாதி விடை கிடைக்கும். சிஎன்ஜியில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர், கேஸ் இன்ஜெக்டர் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். சிஎன்ஜியை எரிக்க பெட்ரோலைவிட வலுவான தீப்பொறி வேண்டும். அதனால் பலவீனமான பிளக் முதலில் சிஎன்ஜியில்தான் மாட்டிக்கொள்ளும். பெட்ரோலில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், மாதக்கணக்கில் பயன்படுத்தாத பெட்ரோல் இன்ஜெக்டர்கள் பிசின் பிடித்திருக்கலாம். இரண்டிலும் மிஸ்ஸிங் என்றால் இரண்டுக்கும் பொதுவான பாகங்கள்தான்: பிளக், காயில், த்ராட்டில், வேக்கம் லீக், வால்வு.

பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ கார்களில், இன்டேக் வால்வின் பின்பக்கத்தைப் பெட்ரோல் கழுவாது. அங்கே கார்பன் படியும். டேங்க்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் அந்த இடத்தைத் தொடவே தொடாது என்பதை நினைவில் வையுங்கள்.

டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இன்ஜெக்டர், இஜிஆர் வால்வில் அடைந்த கரி, டீசலில் கலந்த காற்று அல்லது தண்ணீர் என்று பார்க்க வேண்டும். பிஎஸ்6 டீசல்களில் புகைவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஐடிலிங் கொஞ்சம் உயர்வது இயல்பு.

இ20 பெட்ரோல்தான் காரணமா?

இப்போது எந்த உதறலுக்கும் முதலில் வரும் குற்றச்சாட்டு இது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் தொடங்கிவைக்கப்பட்ட 20% எத்தனால் கலந்த பெட்ரோல், இன்று நாடு முழுக்கப் பரவலாகிவிட்டது. பழைய கார்கள் 10% கலப்புக்கோ அதற்கும் குறைவானதற்கோ ட்யூன் செய்யப்பட்டவை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடை அளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே இ10-க்கு ட்யூன் செய்த காரில் இ20 போட்டால் அதே காற்றுக்குச் சுமார் 4% கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டும். ட்ரிம் மூலம் ஈசியூ சமாளிக்கக்கூடிய அளவுதான் இது. மைலேஜ் குறையும். ஆரோக்கியமான காரில் இது மட்டுமே சூடான ஐடிலிங்கை உதறவைக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் ஏற்கெனவே ஒரு சின்ன வேக்கம் லீக், ஒரு தேய்ந்த பிளக் என்று விளிம்பில் நிற்கும் காரை இந்த 4% தள்ளிவிடலாம். ஆக்ஸிஜன் சென்சார் சூடாகும் வரை ட்ரிம் திருத்தம் முழுதாக வேலை செய்யாது என்பதால், காலை ஸ்டார்ட்டில் தயக்கம் தெரியலாம். எத்தனால் பழைய டேங்க்கின் படிவுகளைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். ஈரத்தை ஈர்க்கும் குணமும் உண்டு, மாதக்கணக்கில் நிற்கும் காரில் தண்ணீர் சேரலாம். அதனால் 'இ20 தான்' என்று முடிவு கட்டுவதற்கு முன் மேலே சொன்ன வரிசையில் சோதியுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

"மிஸ்ஸிங் இருக்கு, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், பழுது பார்ப்பதற்கான பட்டியலை அவர்தான் எழுதுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சூடான பிறகு, நியூட்ரல்ல, ஏசி போட்டா உதறுது. பி0302 வந்திருக்கு, ஸ்கிரீன்ஷாட் இருக்கு. காயில் மாத்திப் போட்டுப் பாத்துட்டு, எது போச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் மாத்தலாம்." நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அவருக்கும் வேலை மிச்சம்.

ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடிப்புக்கான சார்ஜைத் தனியாகக் கேளுங்கள், கொடுங்கள். பார்ட் மாற்றுவதைவிட அது பெரும்பாலும் மலிவு. மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். வாரன்டி இருக்கும் கார் என்றால், வெளியே கை வைக்கும் முன் அதில் எது அடங்கும் என்று பாருங்கள். செய்யாத வேலைக்குப் பில் போட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஜாப் கார்டும் பில்லும் கையில் இருந்தால்தான் அந்தப் புகாருக்கு வலு.

அதுவரை ஓட்டலாமா? லேசான உதறல், விளக்கு இல்லை, இன்ஜின் நிற்கவில்லை என்றால் சில நாள் சமாளிக்கலாம். ஓடும்போது இன்ஜின் நின்றுபோகிறது, செக் இன்ஜின் விட்டு விட்டு எரிகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது: இந்த மூன்றில் எது இருந்தாலும் ஓட்ட வேண்டாம். நடுரோட்டில் நின்றுவிட்டால் முதலில் ஹசார்ட் லைட், பிறகு பிரேக்கை விட்டு விட்டு அடிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்டுங்கள். நியூட்ரலுக்கு மாற்றி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். வரவில்லை என்றால் சாலையின் பாதுகாப்பான பக்கம் இறங்கி நின்று உதவிக்குப் போன் செய்யுங்கள்.